சைரன் வேண்டாம் என்றவர்

அத்தியாயம் ஆறு

“அக்கா, கொஞ்சம் பயந்த மாதிரி மூஞ்சியை வச்சுக்குங்க. வண்டி திருடு போயிடுமோன்னு கவலைப்பட்டு அலாரம் வாங்க வந்திருக்கோம். இப்படிக் கல்லு மாதிரி நின்னா கடைக்காரன் நம்மளைத்தான் திருடங்கன்னு நினைப்பான்.”

சொன்னவன் குட்டை. பேர்தான் அப்படி. எந்த வாசலில் நுழைந்தாலும் தலையைக் குனிந்தாக வேண்டிய உயரம். துப்பறிவாளரிடம் உதவியாளன். வாய்க்கு முழு நேர வேலை, மற்ற அவயவங்களுக்கெல்லாம் பகுதி நேரம்.

அவள் முயன்று பார்த்தாள். முகம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது அவள் வேலை. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவர்கள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து முழிப்பதைத் தினமும் பார்க்கிறவள். புருஷன் காணாமல் போன நாளிலிருந்து அவளுக்கு உடம்பு முழுக்க அந்த ஊசியைப் போட்டது போலத்தான் இருந்தது. சாப்பிட்டாள், குளித்தாள், வேலைக்குப் போனாள். அழுகை மட்டும் வரவில்லை. “அழுதுடும்மா, மனசுக்குள்ளேயே வச்சுக்காதே” என்று அண்ணி முதுகைத் தடவினாள். உள்ளே வைத்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தானே!

விஷயம் இதுதான். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலை விடுப்பு போட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு போன மனிதர் திரும்பவே இல்லை. வண்டி மட்டும் ரயில் நிலையத்துப் பார்க்கிங்கில் பூட்டியபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. செல்போன் அணைந்திருந்தது. ரயில் நிலையம் என்றதும் போலீஸ் முதல் பக்கத்து வீடு வரை எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். “எங்கயாவது போயிருப்பார், வந்துடுவார்” என்றார்கள். அந்த ‘எங்கயாவது’க்குள் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் நம்பிவிட்டாள். நம்பியதுகூட வலிக்கவில்லை, அதுதான் கொடுமை. தன்னை விட்டுவிட்டுப் போனாரா இல்லையா, அதை மட்டும் யாராவது தெளிவாகச் சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அதற்காகத்தான் சர்வேயரைத் தேடிப் போனாள்.

சர்வேயர் என்பது துப்பறிவாளருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் நசுங்கின வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்துத்தான் குட்டை பேசிவிடுகிறானே.

அன்று காலை மூவரும் மாற்றுச் சாவியோடு பார்க்கிங்குக்குப் போயிருந்தார்கள். கதவு திறந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினில் ஒரு முனகல்கூட இல்லை. சர்வேயர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“புதுசா இம்மொபிலைசர் போட்டிருக்காங்க. எஞ்சினைக் கிளம்ப விடாம தடுக்கிற பெட்டி. டேப்புல பிசுக்குகூடக் காயலை. உங்ககிட்ட சொன்னாராம்மா?”

“இல்ல சார்.”

“ஓடிப்போறவன் எதுக்கு சார் விட்டுட்டுப் போற வண்டிக்கு நகை போடறான்?” என்றான் குட்டை.

“அதான் எனக்கும் புரியல” என்றார் சர்வேயர்.

பெட்டியில் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இந்தத் தொழில்காரர்கள் வாடிக்கையாளரைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள் என்பதால்தான் இந்த அலாரம் வாங்கும் வேஷம்.

கடை ஓர் அலமாரியை விடக் கொஞ்சம் பெரியது. சுவர் முழுக்கச் சைரன்கள் தொங்கின. கடைக்காரரே மெக்கானிக்கும். முழங்கை வரை கறுப்பு டேப்பின் பிசுக்கு.

“முதல்ல ஒண்ணு சொல்லுங்க” என்றார் கடைக்காரர். “யாருக்குப் பயந்து அலாரம் போடறீங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. “திருடனுக்கு” என்றாள் சுரத்தே இல்லாமல்.

“தெருவுல நிறுத்தறீங்களா, ஷெட்டுலயா?”

“தெருவுல.”

“அப்போ சைரன் வேணும். தட்டினாலே கத்தும். ரிமோட்டுலயும் கூப்பிடும்.”

“எங்க பக்கத்து வீட்டுல ஒண்ணு இருக்கு” என்றான் குட்டை. “பூனை ஏறினா ஊரையே எழுப்பும். திருடன் வந்தப்போ மட்டும் மரியாதையா ஒதுங்கி வழி விட்டுச்சு.”

“அது பொருத்தினவன் சரியில்ல. சென்சாரை அந்தத் தெருவுக்குத் தக்க மாதிரி வைக்கணும். பஸ் போற தெருன்னா ஒரு அளவு, முட்டுச் சந்துன்னா ஒரு அளவு. அதோட இம்மொபிலைசரும் சேர்த்துப் போட்டுட்டா, கண்ணாடியை உடைச்சு உள்ள வந்தாலும், ஒளிச்சு வச்ச ஸ்விட்சை அமுக்காம வண்டி நகராது. சைரன் ஊரைக் கூப்பிடும், இது ஆளை உட்கார வச்சுடும்.”

“எங்களுக்குச் சைரன் வேணாம்” என்றார் சர்வேயர். “இம்மொபிலைசர் மட்டும் போதும்.”

கடைக்காரரின் கை நின்றது. “சைரன் இல்லாமலா?”

“ஏன், யாரும் அப்படிக் கேட்டதில்லையா?”

“ரொம்பக் கம்மி சார். இப்போ கொஞ்ச நாள் முன்னாடிதான் ஒருத்தர்...” சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

சர்வேயர் விடவில்லை. “திருடனுக்குப் பயப்படறவன் சத்தம் கேட்பான். சத்தம் வேணாங்கறவன் யாருக்குப் பயப்படறான்?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்த மெக்கானிக்குக்கும் வாய் நிற்காது. “அது வீட்டு விவகாரம் சார். சாவி கையில வச்சிருக்கிற ஆளே வண்டியை எடுத்துடக் கூடாதுன்னு போடறது. பையன் சொல்லாம எடுத்துட்டுப் போறான், தம்பி குடிச்சிட்டு எடுக்கறான், இந்த மாதிரி.”

சாவி இருக்கிற ஆள். அவள் வீட்டில் அவரைத் தவிர வண்டிச் சாவி இருந்தது ஒரே ஒருத்தியிடம்தான். அப்படியானால் அவர் பயந்தது தனக்கா? அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எனக்குத்தான் வண்டியே ஓட்டத் தெரியாதே!”

குட்டை நெற்றியில் அடித்துக்கொண்டான். “கதை கந்தலாச்சு.”

கடைக்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சர்வேயர் மெல்லப் புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இவருக்குப் போட்டீங்க. இவங்க அவரோட சம்சாரம். ரகசிய ஸ்விட்ச் எங்கேன்னு சொல்லுங்க.”

“முடியாது சார். ஸ்விட்ச் எங்கேன்னு வண்டிக்காரருக்கு மட்டும்தான் சொல்லுவோம். கட்டின பொண்டாட்டிக்கும் சொல்ல மாட்டோம். சொல்லப்போனா முக்கால்வாசிப் பேர் பொண்டாட்டிக்கு மறைக்கத்தான் வர்றாங்க. நான் வாயைத் திறந்தா அப்புறம் யார் என்னை நம்பி வருவா?”

“வண்டிக்காரரைக் காணோம். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு.”

“காணோமா?” கடைக்காரரின் முகம் மாறியது. “அப்போ வண்டி இன்னும் பார்க்கிங்லயேவா நிக்குது?”

சர்வேயர் நாற்காலியில் நிமிர்ந்தார். “வண்டி பார்க்கிங்ல நிக்குதுன்னு நாங்க சொல்லவே இல்லையே.”

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, திருட்டுப் பட்டம் தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் மடமடவென்று கொட்டினார். “சார், இந்தச் சந்துல வண்டி நுழைஞ்சா திரும்ப முடியாது. எல்லா வண்டியையும் நான் ஸ்டேஷன் பார்க்கிங்ல வச்சுத்தான் பொருத்துவேன். கேட்டுப் பாருங்க, ஊருக்கே தெரியும். அவரையும் அங்கதான் கொண்டாந்து நிறுத்தச் சொன்னேன்.”

“கேட்டுக்கிட்டீங்களாம்மா?” என்றார் சர்வேயர். “ரயிலுக்குப் போகலை. அலாரம் போடத்தான் அங்கே போயிருக்கார். ரயில் பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்.”

கேட்டுக்கொண்டாள். இந்த இடத்தில் தனக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. வரவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு சைரனின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு பார்க்கிங்குக்குத் திரும்பி, குட்டையை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

“ஸ்விட்சைத் தேடு” என்றார் சர்வேயர்.

குட்டை தேடினான். காலுக்கடியில், கதவு மடிப்பில், டேஷ்போர்டுக்குள், தலைக்கு மேலே. அவ்வளவு நீளக் கையை வைத்துக்கொண்டு வண்டிக்குள் துழாவுவதைப் பார்த்து, தள்ளி நின்ற ஒரு டாக்ஸிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தேடுங்க, தேடுங்க. அங்கேயிருந்து எட்டவே எட்டாது.”

“எட்டாதா?” சர்வேயர் சட்டென்று திரும்பினார். “இவனுக்கே எட்டலைன்னா எந்த டிரைவருக்கும் எட்டாது. டிரைவருக்கு எட்டாத ஸ்விட்ச்!” அவளைப் பார்த்தார். “அம்மா, வண்டியில நீங்க எங்கே உட்காருவீங்க?”

“பின்னாடி. அந்த மூலையில.”

“அவர் ஓட்டும்போதும்?”

“ஆமா சார். பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ பின்னாடி உட்கார்ந்தேன். அவ கல்யாணமாகிப் போனப்புறமும் அப்படியே பழகிடுச்சு.”

“தெருவுல அவரை டிரைவர்னுல்ல நினைச்சிருப்பாங்க?” என்றான் குட்டை.

“நினைச்சாங்க.”

“ஏறி உட்காருங்க. எப்பவும் போல.”

உட்கார்ந்தாள். வலது கை மடியிலும் இடது கை சீட்டோரத்திலும் தானாகப் போய் அமர்ந்தன. சீட்டும் கதவும் சேரும் இடுக்கில், விரல் விழுந்த இடத்தில், சின்னதாக ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. அமுக்கினாள். சர்வேயர் தலையசைக்க, குட்டை சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பியது.

“விட்டுட்டீங்கன்னா மறுபடி கிளம்பாது” என்றார் கடைக்காரர். “ஒருத்தர் பின்னாடி அமுக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் சாவியைத் திருப்பணும். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை நான் பொருத்தினதே இல்ல. அவர்தான் ஒத்தைக் கால்ல நின்னார். ‘கூட ஆள் இல்லாம நான் இந்த வண்டியை எடுக்கவே முடியாதபடி பண்ணிக் கொடு’ன்னார்.”

“அவருக்கு அவரே அலாரம் போட்டுக்கிட்டாரா?” குட்டையின் குரலில் முதல்முறையாகக் கிண்டல் இல்லை.

சர்வேயர் பின்கதவருகே குனிந்தார். “லிஃப்ட் வேலையில இப்படி ஏதாவது பழக்கம் உண்டாம்மா?”

“உண்டு. லிஃப்ட் மேல ஏறி வேலை பார்க்கும்போது தனியா ஏறவே மாட்டார். கூட்டாளி இருந்தாகணும். பட்டனை அமுக்கிப் பிடிச்சிருந்தாதான் நகரும், கையை எடுத்தா நின்னுடும்.”

“எதுக்கு?”

“வேலை செய்யறவருக்குத் திடீர்னு ஏதாவது ஆயிட்டா...”

சொல்லும்போதே சமையலறை ஞாபகம் வந்தது. கையில் தம்ளரோடு நின்றிருந்தார், கண் திறந்திருந்தது, அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து “என்ன கேட்டே?” என்றார். இன்னொரு தடவை சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி. ‘நான் பேசறது காதுல ஏறுதா இல்லையா? சுவர்கிட்ட பேசற மாதிரி இருக்கு!’ என்று அவள் கத்தியிருக்கிறாள். அவர் அசடு வழியச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

“நினைவு தப்புதுன்னு என்கிட்டே சொன்னார்” என்றார் கடைக்காரர். “ஒரு நாள் சிக்னல்ல நின்னவர், முழிச்சுப் பார்த்தா வேற தெருவுல இருந்தாராம். நடுவுல ஓட்டினது எதுவும் ஞாபகம் இல்லையாம். வேலை முடிஞ்சதும் நானே பின்னாடி உட்கார்ந்து அமுக்கி, வண்டியைக் கிளப்பிக் காட்டினேன். அப்புறம் அணைச்சுச் சாவியைக் கொடுத்துட்டு, ஒரு வெளியூர் வேலைக்குக் கிளம்பிட்டேன். கொஞ்ச நேரத்துல போன் பண்ணிச் சிரியோ சிரின்னு சிரிக்கிறார். ‘தம்பி, பெரிய மெக்கானிக்னு பேரு எனக்கு. இப்போ நான் எப்படிடா வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?’ன்னார்.”

குட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் இது லிஃப்ட் தொழில்காரருக்கு மட்டுமே வரக்கூடிய தவறு. வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் பக்கத்தில் கூட்டாளி நின்று பழகிய மனிதர், ஒண்டியாக நிற்கும் ஒரு நேரத்தை யோசிக்கவே இல்லை.

“நான் திரும்பி வரேன், இருங்கன்னேன். ‘வேணாம், போய் அவளைக் கூட்டிட்டு வரேன், எப்படியும் சொல்லியாகணும்’னு வச்சுட்டார். கூட்டிட்டுப் போயிருப்பார்னு நினைச்சுட்டேன்க்கா. நேத்து வரைக்கும் அந்த வெளியூர் வேலைதான், இந்தப் பக்கமே வரலை.”

அவளைக் கூட்டிவர. அவளைத்தான்.

“அது எந்த நேரம்?” சர்வேயர் கேட்டார்.

“மதியம்.”

“மதியம் நீங்க எங்கே இருப்பீங்கம்மா?”

“வேலையில. பல் ஆஸ்பத்திரியில.”

“இத்தனை நாளா எல்லாரும் எங்கே தேடினாங்க?”

“ஸ்டேஷன்ல... அப்புறம் வீட்டுக்குப் போற வழியில.”

“அவர் வீட்டுக்குப் போகலை. உங்ககிட்ட வந்திருக்கார். பல் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?”

அவள் கையை நீட்டினாள். தண்டவாளங்களுக்கு மேலே நடைமேம்பாலம். அதற்கு அந்தப் பக்கம்.

“அந்தப் பக்கம் வேற போலீஸ் ஸ்டேஷன் சார்” என்றான் குட்டை மெதுவாக. “நாம புகார் கொடுத்தது இந்தப் பக்கம். இங்கே காணாம போனவர் அங்கே கிடைச்சா, அது அவங்களுக்கு வேற ஆள்.”

கடைக்காரரை வண்டியிடம் விட்டுவிட்டு மூவரும் பாலத்தில் ஏறினார்கள். இறங்குகிற படிக்கட்டு செங்குத்தாக இருந்தது. படிக்கட்டின் அடியிலேயே ஒரு சிறிய ஆஸ்பத்திரி. சர்வேயர் புகைப்படத்தை நீட்டியதும் வரவேற்பில் இருந்த நர்ஸ் எழுந்தே விட்டார்.

“இவருக்கு ஆள் இருக்கா? கடவுளே! பாலத்துப் படியில வலிப்பு வந்து உருண்டு விழுந்துட்டார். மண்டையில அடி. தூக்கிட்டு வந்த நல்லவங்கள்ல எவனோ ஒருத்தன் பர்ஸையும் போனையும் தூக்கிட்டான். பேரு ஊரு தெரியலைன்னு எங்க ஸ்டேஷன்ல அன்னைக்கே எழுதிக் கொடுத்தோம். நேத்துதான் கண்ணைத் திறந்தார். பேச்சு இன்னும் கோர்வையா வரலை.”

“உசிருக்கு?” என்றார் சர்வேயர்.

“பயமில்ல. உள்ளே போங்க.”

குட்டையும் சர்வேயரும் வெளியே நின்றுகொண்டார்கள். அவள் மட்டும் போனாள். தலையில் கட்டு, ஒரு வாரத் தாடி. அவள் வீட்டு மனிதர்தான். அவர் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது, பிறகுதான் சத்தம் வந்தது.

“நான்... வேணும்னு போகல.”

“தெரியும்.”

“பட்டன்...”

“அதுவும் தெரியும். அமுக்கிப் பார்த்தாச்சு.” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கிருந்தோ கோபம் வந்தது. இத்தனை நாளில் வந்த முதல் கோபம். “ஓட்டிக்கிட்டிருக்கும்போது உங்களுக்கு நினைவு தப்பினா நான் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்ணுவேன்? பட்டனை அமுக்கவா? டாக்டர்கிட்ட போகாம அலாரம் கடைக்குப் போயிருக்கீங்களே, மூளை இருக்கா உங்களுக்கு?”

அவர் நெடுநேரம் யோசித்தார். “அதை யோசிக்கல” என்றார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா... வண்டியில ஏற மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லாமலே விட்டிருக்கலாம், ஆனால் சொல்லாவிட்டால் அது உள்ளேயே கிடந்து அழுகும் என்று தோன்றியது.

“நீங்க யாரையோ கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்.”

“யாரை?” உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

“யாரோ ஒருத்தியை. எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. நானும் நம்பிட்டேன். நம்பிட்டு வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். எனக்கு ஒண்ணுமே தோணலைங்க.”

அவர் முகத்தில் சிரிப்பு போல ஒன்று ஆரம்பித்து, தையல் போட்ட இடம் இழுக்கவே பாதியில் நின்றது.

“என் பக்கத்துல யாரு வந்து உட்காருவா?” என்றார் ஒவ்வொரு வார்த்தையாக. “நீயே பின்னாடிதான் உட்கார்றே.”

அவள் வாயைத் திறந்தாள், பதில் சொல்வதற்காக. பதிலுக்குப் பதிலாக அழுகை வந்தது. ஓவென்று, வார்டே திரும்பிப் பார்க்கும்படி, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடி வந்து, “அம்மா, இங்கே நோயாளிங்க இருக்காங்கம்மா” என்றார். வெளியே குட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தான். சர்வேயர் அவன் கையைப் பிடித்து, காரிடாரின் கடைசி பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.